ஒன்று குறை

ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனால் ஒரு சௌகரியம் உண்டு. தொழிலுக்கான ஸ்தல புராணம் ஊரிலேயே ரெடியாக இருக்கிறது. இரண்யாட்சன் பூமியைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு போய்க் கடலுக்கடியில் ஒளித்து வைக்க, பெருமாள் பன்றி ரூபம் எடுத்து, முக்குளித்து, கோரைப்பல்லில் தூக்கி வந்து பழைய இடத்திலேயே வைத்தார். டேட்டா ரெக்கவரி, சார்! எங்கள் பூவராகர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி நிற்பார். ராத்திரி பூரா செத்துப்போன சர்வரோடு போராடி, விடியற்காலை உயிர் வரவழைத்த எந்த ஆசாமியையும் பாருங்கள். அதே போஸ்.

நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம். எங்கள் கடையில் ஓர் அண்டா தொலைந்த கதை.

அப்பா ஸ்ரீமுஷ்ணத்தில் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். கோயிலில் கல்யாணம் செய்கிறவர்கள், சுற்றுப்பட்டு கிராமத்துக் காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அண்டா, தவலை, தேக்சா, ஜல்லிக்கரண்டி, ஜமக்காளம் இங்கிருந்துதான் போகும். மாசி மகத்துக்கு உற்சவர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்பட்டுவிட்டால் (அங்கே முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வது ரொம்ப காலப் பழக்கம்) வழிநெடுக அன்னதானம். கடையில் எங்களுக்குச் சோறு வடிக்கக்கூடப் பாத்திரம் மிஞ்சாது.

இத்தனை சாமானும் எங்கே போயிருக்கிறது, எது திரும்பி வந்தது என்பதற்கு அப்பா ஒரு நோட்டுப்புத்தக முறை வைத்திருந்தார். எட்டாம் கிளாஸ் தாண்டாத மனுஷர். ஆனால் அந்த முறையை இன்றைக்கு நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

சின்ன விசேஷமா? பார்ட்டி பெயர் எழுதுகிற வரியிலேயே மிச்சமிருக்கும் இடத்தில் ‘தவலை 1, கரண்டி 2’ என்று முடித்துவிடுவார். தனிப் பக்கம் கிடையாது. ‘ரெண்டு கரண்டிக்கு ஒரு பக்கமா? பேப்பர் என்னா மரத்துலயா காய்க்குது?’ (பேப்பர் மரத்திலிருந்துதான் வருகிறது என்று நான் சொன்னதற்கு ஒரு குட்டு.) சாமான் கொஞ்சம் அதிகமானால் அந்தப் பார்ட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார். மேலிருந்து கீழே சாமான் பட்டியல் இறங்கும். அதே பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி, எந்தச் சாமான் எத்தனாவது வரி என்று ஒரு குறிப்பு ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் பக்கம் தீர்ந்தது. பெரிய கல்யாணம் என்றால் சாமானுக்குப் பல பக்கங்கள், தேடுவதற்கு என்று தனியாக ஒரு பக்கம். ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே எத்தனை பக்கம் இன்னும் தீரவில்லை என்ற எண்ணிக்கை. ஒரு பக்கத்துச் சாமான் முழுக்க வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போடுவார், அட்டையில் எண்ணை அடித்துவிட்டு ஒன்று குறைத்து எழுதுவார். அது சைபர் ஆனால் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

1989-ல் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்த லீவு. கணக்கில் நல்ல மார்க் வரும் என்ற மமதை. சும்மா கிடந்த நான் அப்பாவின் நோட்டைச் சீர்திருத்தக் கிளம்பினேன்.

‘ஏம்ப்பா, திரும்பி வந்ததை உள்ளயும் எழுதறீங்க, அட்டையிலயும் எழுதறீங்க. ஒரே விஷயத்தை எதுக்கு ரெண்டு தடவை?’

அப்பா யோசித்தார். படித்த பிள்ளை கேட்கிறான். ‘பழக்கம்டா’ என்றார். காரணம் அவருக்குத் தெரியும்; சொல்லத்தான் தெரியவில்லை. நான் உள்ளே கோடு போடுவதை ரத்து செய்தேன். புது நோட்டுக்களுக்கு அழகாகக் கட்டம் போட்டேன். கடைப் பையனைக் கூப்பிட்டு, ‘ஒரு பக்கம் சாமான் முழுக்க வந்துட்டா அட்டையில மைனஸ் ஒண்ணு போடு, போதும்’ என்றேன். அவன் விசுவாசமான பையன். பழைய எண்ணை அடித்துவிட்டு ‘–1’ என்று எழுதினான். அடுத்த பக்கம் தீர்ந்ததும் மறுபடி அடித்துவிட்டு மறுபடி ‘–1’. எத்தனை பக்கம் தீர்ந்தாலும் அட்டையில் அதேதான். ஒன்றைக் குறைப்பதும் குறை ஒன்று என்று எழுதிவைப்பதும் வேறு வேறு என்பது அவனுக்கும் தோன்றவில்லை, சொன்ன எனக்கும் தோன்றவில்லை. நான் அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போய்விட்டேன்.

அப்பா கண்ணாடி போட்டவர். ‘–1’ என்பதில் கோட்டைக் கோடாகவும் ஒன்றை ஒன்றாகவும் பார்த்தார். ஒரு பார்ட்டி பாக்கி! நோட்டைத் திறந்தால் என் புண்ணியத்தில் எந்தப் பக்கத்திலும் குறுக்குக் கோடு இல்லை. கடைசிப் பக்கம் ஒரு சமையல்காரருடையது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆள். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து எங்கள் கடையைத் தவிர வேறு கடை மிதிக்காதவர். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு பெரிய அண்டா.

‘குடுத்துட்டனே முதலாளி’ என்றார் மாஸ்டர்.

‘நோட்டு அப்படிச் சொல்லலியே’ என்றார் அப்பா.

மாஸ்டர் அதற்கு மேல் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அண்டா விலையை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாராம்.

ஆயுத பூஜைக்குச் சாமானெல்லாம் இறக்கிக் கழுவி எண்ணியபோது அண்டாக்கள் சரியாக இருந்தன. அப்பா மூன்று தடவை எண்ணியிருக்கிறார். பிறகு மற்ற நோட்டுக்களின் அட்டைகளைப் பார்த்திருக்கிறார். ஹாஸ்டலுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ‘அண்டா இருக்கிறது. நீ லீவுக்கு வரும்போது நோட்டுப் பக்கம் போகவேண்டாம்.’ நலம், நலமறிய ஆவல் எதுவும் இல்லை.

தீபாவளி லீவில் ஒரே சாயங்காலத்தில் அட்டைகளை எல்லாம் சரி செய்துவிட்டேன். அப்பா பணத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். அவர் மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, பணத்தையும் வாங்கிக்கொண்டார். கடைக்கு மட்டும் அப்புறம் வரவேயில்லை.

பதினேழு வருஷம் கழித்து, 2006-ல், அந்த அண்டா வேறு ரூபத்தில் எதிரே வந்து நின்றது.

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் என்கிறீர்களே, அதன் பூர்வாசிரமப் பெயர் டைரக்டரி. மஞ்சள் நிறத்தில் படம் போட்டிருப்பதால் அதற்குள் ஃபைல்கள் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பிரமை. கிடையாது. ஃபைல்கள் டிஸ்க்கில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். டைரக்டரி என்பது வெறும் நோட்டு. இந்தப் பெயருக்கு இந்த நம்பர், அவ்வளவுதான். அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனால் ஃபைல் கிடைக்கும். நோட்டு கெட்டால் ஃபைல் பத்திரமாக இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த நோட்டை டிஸ்க்கில் எப்படி எழுதி வைப்பது என்று ஒவ்வொரு ஃபைல் ஸிஸ்டத்துக்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. அதில் எக்ஸ்.எஃப்.எஸ். என்று ஒன்று. அமெரிக்காவில் ஸிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி 1993-ல் எழுத ஆரம்பித்து 1994-ல் தங்கள் ஐரிக்ஸ் கம்ப்யூட்டர்களில் வெளியிட்டது. (‘ஜுராஸிக் பார்க்’ டைனோசர்களை உருவாக்கியது அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில்தான்.) பிறகு அதை லினக்ஸுக்குத் தானம் செய்தார்கள். 2002-ல் லினக்ஸின் மூலப் பிரதியில் சேர்ந்தது. 2014-ல் வந்த ரெட் ஹாட் 7-ல், நீங்கள் வேறு எதுவும் கேட்காவிட்டால் கிடைப்பது எக்ஸ்.எஃப்.எஸ்.தான் என்று ஆயிற்று.

இதன் டைரக்டரி அமைப்பை முதல்முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன டைரக்டரியா? தனி இடம் கிடையாது. அந்த டைரக்டரியின் சொந்த விவரம் எழுதியிருக்கிற இடத்தில் மிச்சமிருக்கும் மூலையிலேயே பெயர்களை எழுதிவிடு. நிரம்பினால் ஒரு பிளாக் ஒதுக்கு. பெயர்ப் பட்டியல் மேலிருந்து இறங்கட்டும். தேடுவதற்கான குறிப்பு அதே பிளாக்கின் அடியில் இருக்கட்டும். அதுவும் போதவில்லையா, பெயர்களுக்குப் பல பிளாக், தேடுவதற்குத் தனி பிளாக். இன்னும் வளர்ந்தால் தேடும் பிளாக்குகளே பலவாகி, அவற்றைத் தேட ஒரு மரம். எந்த பிளாக்கில் எவ்வளவு காலி இடம் என்று சொல்ல வேறொரு பிளாக். அந்தக் காலியிட பிளாக்கின் தலைப்பில் ஓர் எண்: எத்தனை பிளாக் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது சைபர் ஆனால் நோட்டைப் பரணில் போடு.

அப்பா! ஸிலிக்கான் கிராஃபிக்ஸ்காரன் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறி வந்திருப்பானோ?

சாமான் கூடக்கூட நோட்டு பெரிய வடிவத்துக்கு மாறுவதும், குறையக்குறைய பழையபடி சின்ன வடிவத்துக்குத் திரும்புவதும்தான் இதில் நுட்பமான இடம். நிலையாக இருக்கும் போது எந்தத் தப்பும் வராது. குடித்தனம் மாறும்போதுதானே வீட்டில் கண்ணாடி உடைகிறது.

இனி சீர்திருத்தம். புரோகிராம் எழுதுகிறவர்கள் ‘ரீஃபாக்டரிங்’ என்று ஒன்று செய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்கக் கூடாது. உள்ளே மட்டும் ஒழுங்காகியிருக்க வேண்டும். சமையலறை டப்பாக்களை மாற்றி அடுக்குகிற மாதிரி. அடுக்கி முடித்த பிறகும் விடியற்காலை இருட்டில் அம்மா கை நீட்டினால் சர்க்கரை வரவேண்டும், உப்பு வரக் கூடாது. சாதாரண புரோகிராமில் தப்பானால் அந்தப் புரோகிராமை நிறுத்தித் திருத்தி ஓட்டிவிடலாம். டிஸ்க் வடிவத்தைக் கையாளும் புரோகிராமில் அது நடக்காது. நீங்கள் எப்போதோ எழுதி வைத்ததை ஊர் உலகத்தில் எவனோ ஒருவன் இன்றைக்குப் படிக்கிறான். அவன் டிஸ்க்குக்குப் போய்க் கட்டம் போட்டுவிட்டு வர முடியாது.

எக்ஸ்.எஃப்.எஸ்ஸில் சீர்திருத்தம் வேண்டியிருந்ததற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. நாம் தேதி எழுதும்போது நாள் முதலில், மாதம் பிறகு. அமெரிக்காக்காரன் தலைகீழ். 3-4 என்று இருந்தால் ஏப்ரலா மார்ச்சா என்று யார் எழுதினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். கம்ப்யூட்டர்களிலும் இந்தச் சண்டை உண்டு. ஐரிக்ஸ் மெஷின்கள் ஓர் எண்ணின் பெரிய பகுதியை முதலில் எழுதும். நம் மேஜைமேல் இருக்கிற இன்டெல் ஜாதி சின்ன பகுதியை முதலில் எழுதும். எக்ஸ்.எஃப்.எஸ். பிறந்த வீட்டுப் பழக்கத்தை விடாமல் டிஸ்க்கில் பெரியதை முதலில்தான் வைக்கும். ஆகவே ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணைத் திருப்பிப்போட வேண்டும். ஒரு இடத்தில் மறந்தால் போச்சு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-ல் ‘ஸ்பார்ஸ்’ என்று ஒரு கருவி எழுதினார். ‘இது டிஸ்க் எண், இது மெஷின் எண்’ என்று நீங்கள் புரோகிராமில் முத்திரை குத்திவைத்தால், இரண்டையும் குழப்பும் இடத்தை அது காட்டிக்கொடுக்கும். நல்ல காரியம். எக்ஸ்.எஃப்.எஸ். ஆட்களும் டைரக்டரி புரோகிராமில் வரிவரியாக முத்திரை குத்தினார்கள். பழைய வரியை எடு, அதே அர்த்தத்தில் புது வரியைப் போடு. நூற்றுக்கணக்கான தடவை. சலிப்பான வேலை.

அப்படி மாற்றிய வரிகளில் ஒன்று, புழக்க எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் குறைக்கிற வரி. புது வரி குறைக்கவில்லை. எண்ணிக்கையையே –1 என்று எழுதி வைத்தது.

இதைப் படித்தபோது நான் சென்னையில், ஆபீஸ் நாற்காலியில். பக்கத்து சீட்காரர் ‘என்ன சார், யாராவது தவறிட்டாங்களா?’ என்று கேட்கும்படி உட்கார்ந்திருந்தேனாம். யாரும் தவறவில்லை. எங்கள் கடைப் பையன் உலகப் பிரசித்தி அடைந்துவிட்டான்.

ஸ்பார்ஸ் ஏன் பிடிக்கவில்லை? அதன் கண்ணுக்கு வரி சுத்தம். டிஸ்க் எண் இருக்க வேண்டிய இடத்தில் முறைப்படி திருப்பிப்போட்ட டிஸ்க் எண்தான் இருந்தது. –1 என்பதும் ஓர் எண்தானே. வழக்கமான பரிசோதனைகளிலும் அகப்படவில்லை. டைரக்டரி மிகப் பெரிதாக வளர்ந்து, பிறகு பெயர்கள் அழிந்து சுருங்கும்போது, அதிலும் சில சந்தர்ப்பங்களில் மட்டும் தலைகாட்டுகிற தப்பு இது. எண்ணிக்கை சைபரைத் தொடவேயில்லை. ஆகவே காலியான பிளாக்குகளை விடுவிக்கிற கட்டம் வரவேயில்லை. ஃபைல் எல்லாம் அழிந்து காலியான டைரக்டரியில் வேண்டாத பிளாக்குகள் ஒட்டிக்கொண்டு நின்றன. டைரக்டரியால் பழைய சின்ன உருவத்துக்குத் திரும்ப முடியவில்லை. அது ஒருநாள் இடறும்போது எக்ஸ்.எஃப்.எஸ். தற்காப்புக்காக மொத்தக் கடையையும் மூடிவிடும். ஆபீஸில் ஒருவர் ஒரு ஃபைலை சேமிக்கப் போக, அத்தனை பேருக்கும் டிஸ்க் இல்லை.

லினக்ஸ் 2.6.17 வெளிவந்தது 2006 ஜூனில். தப்பைக் கண்டுபிடித்து 2.6.17.7-ல் திருத்தியது அடுத்த மாதமே. திருத்தம் என்ன, அந்த ஒரு வரிதான். சுறுசுறுப்பான ஆட்கள், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருத்திய புரோகிராம் எழுதுவதைத்தான் சரியாக எழுதும். ஏற்கெனவே டிஸ்க்கில் உட்கார்ந்துவிட்ட –1? அது அங்கேயேதான் இருந்தது. புது லினக்ஸுக்கு மாறினவனும் பழைய லினக்ஸுக்குத் திரும்பினவனும் அதே இடத்தில் விழுந்தார்கள். ‘எந்த வெர்ஷனிலும் இந்தத் தப்பு இருக்கிறதே’ என்று குழம்பினார்கள். தப்பு வெர்ஷனில் இல்லை, மாஸ்டர் மனசில் இருந்தது.

சரி, டிஸ்க்கைச் சோதித்துச் சரி செய்ய எக்ஸ்.எஃப்.எஸ்ஸுக்கு ஒரு ரிப்பேர் புரோகிராம் இருக்கிறதே? அதுவும் இந்த வகைச் சேதத்தை அப்போது சரி செய்யவில்லை. தனியாக அதையும் திருத்தி 2.8.10 என்ற வெர்ஷன் விட வேண்டியிருந்தது. அதற்குள் அவசரப்பட்டவர்கள் டிஸ்க்கின் பைட்டுகளைக் கையால் மாற்றும் கருவியை எடுத்து, கெட்டுப்போன டைரக்டரியை அழித்துவிட்டு ரிப்பேரை ஓட்டினார்கள். அப்படிச் செய்தால் அதிலிருந்த ஃபைல்கள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற அநாதை மடத்துக்குப் போய்ச் சேரும். ஃபைல் இருக்கும், பெயர் இருக்காது. பெயருக்குப் பதில் வெறும் நம்பர்.

எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு இந்த அவஸ்தை புதிதில்லை. தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைத் திறந்து பார்த்தபோது கறையான் தின்றது போக மிச்சம்தான் கிடைத்தது என்பார்கள். அதை வகுத்து அடுக்கியவர் நம்பியாண்டார் நம்பி. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துத் திருநாரையூர்க்காரர். பண் வரிசைப்படி அடுக்கிய தேவாரம் ஒன்று, ஊர் வரிசைப்படி அடுக்கியது ஒன்று என்று இன்றைக்கும் இரண்டு விதமாகப் புத்தகம் போடுகிறார்கள். பாட்டு அதேதான், தேடும் வழிதான் வேறு. கறையான் தின்றதற்கு எந்த வரிசையிலும் வழி இல்லை.

எக்ஸ்.எஃப்.எஸ். ஆட்கள் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 2013-ல் புது டிஸ்க் வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஐந்தாம் பதிப்பு. அதில் டைரக்டரியின் பெயர்கள் இருக்கும் ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பிலும் கூடுதலாக எழுதினார்கள்: நான் டிஸ்க்கில் இருக்கிற இடம் இது, என் சொந்தக்காரன் இன்னான், நான் சேர்ந்த ஃபைல் ஸிஸ்டம் இன்னது, என் மொத்தக் கூட்டுத்தொகை இவ்வளவு. இதெல்லாம் வேறு இடத்திலிருந்தும் தெரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனாலும் எழுது. பதினாறு பைட் இருந்த தலைப்பு அறுபத்து நாலு பைட் ஆயிற்று. ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை என்று எந்தப் பிளஸ் டூ பையனும் அங்கே இல்லை போலிருக்கிறது. இரண்டு இடமும் ஒத்துப்போகாவிட்டால், எங்கோ தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். அப்பா உள்ளே குறுக்குக் கோடு போட்டது இதற்குத்தான்.

பழைய வடிவ டிஸ்க்குகள் உலகத்தில் ஏராளம். அவற்றைத் தள்ளிவிட முடியுமா? ஒரே புரோகிராம் இரண்டையும் படிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒவ்வொரு வாசலிலும் ‘நீங்க பெண் வீடா, பிள்ளை வீடா’ என்று கேட்கிற மாதிரி வழிநெடுகக் கேள்வி. அதைத் தவிர்க்க டேவ் சின்னர் 2013-ல் ஓர் ஏற்பாடு செய்தார். பெண் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி, பிள்ளை வீட்டுக்கு ஒரு வழிகாட்டி. எது வேண்டுமானாலும் அவரவர் வழிகாட்டியைக் கேள். பார்க்க அழகு. 2018 ஜனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்று பிராஸஸர்களுக்கு ஒரு வியாதி வெளிப்பட்டது. அதற்குப் போட்ட மருந்தில், இப்படி ஆள் வைத்து விசாரிக்கிற ஒவ்வொரு அழைப்பும் செலவு கூடிப்போயிற்று. 2019-ல் கிறிஸ்டாஃப் ஹெல்விக் வழிகாட்டிகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார். தலைப்பின் நீளம் போன்ற எண்களை டிஸ்க்கை இணைக்கும்போதே ஒரு தடவை கணக்குப் போட்டு ஓர் அட்டையில் எழுதிவிடு, அப்புறம் அட்டையைப் பார்த்துக்கொள். இதை ஒரே மூச்சில் செய்யவில்லை. சின்னச் சின்னப் பேட்ச்சாக. ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியம். அடுத்தவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சம்மதித்த பிறகுதான் உள்ளே போகும். டிஸ்க்கில் ஒரு பைட் இடம் மாறவில்லை.

பழைய நாலாம் பதிப்புக்கு ஓய்வு கொடுப்பதாக 2020-ல் அறிவித்தார்கள். உடனே இல்லை. 2025 செப்டம்பரிலிருந்து, கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். 2030 செப்டம்பரில் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். பத்து வருஷ நோட்டீஸ்! எங்கள் அப்பா வாடகை பாக்கிக்குக்கூட யாருக்கும் இத்தனை தவணை கொடுத்ததில்லை.

இந்த மாசிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இல்லை. அண்ணன்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். கல்லாப்பெட்டிமேல் பணம் வந்ததும் கத்துகிற ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. பக்கத்திலேயே பழைய நோட்டு, அட்டையில் துண்டுச் சீட்டு. உள்ளே குறுக்குக் கோடு.

‘இதுக்கெல்லாம் இப்ப ஆப் இருக்குண்ணே. நான் வேணா...’ என்று ஆரம்பித்தேன்.

‘நீ சும்மா உக்காரு’ என்றார் அண்ணன்.

அப்போது ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. இறங்கிய பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், டீ-ஷர்ட்டில் கேட்டரிங் பெயர். மூன்று பெரிய அண்டா வேண்டும் என்றான். எந்த ஊர் என்று அண்ணன் விசாரிக்க, சொன்னான். தாத்தா பெயரையும் சொன்னான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘தாத்தா இருக்கிற வரைக்கும் இந்தக் கடைப் பக்கம் போவாதன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு’ என்று சிரித்தான். ‘என்னான்னு எங்களுக்குத் தெரியாது. சேத்தியாத்தோப்புல இன்னிக்கி பெரிய அண்டா கிடைக்கல. அதான் வந்தேன்.’

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். ‘எழுது. ரெண்டு எடத்துலயும்.’

பெயர், ஊர், தேதி, அண்டா மூன்று என்று பக்கத்தில் எழுதினேன். அட்டையில் இருந்த எண்ணை அடித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதினேன். பையன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்டாக்களை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு மறுபடி வந்தான். செல்போனை எடுத்து, நான் எழுதிய பக்கத்தை ஒரு போட்டோ, அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.